சாலையின் ஓரத்தை யார் கொண்டு போனது?

சென்ற மாதம் அதிகாரிகள் சிலர் நம் தோட்டத்துக்கு வந்து போனார்கள். லயங்களுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவே ஓடுகிற பெருஞ்சாலையில் விபத்து மலிந்துவிட்டதே என்ற கவலையாம். கையோடு ஒரு கட்டுச் சுவரொட்டியும், இருட்டில் மின்னும் மேற்சட்டை சிலவும் கொண்டு வந்தார்கள். "கவனமாக நடங்கள், கவனமாகச் சைக்கிள் ஓட்டுங்கள்" என்று உபதேசம் செய்துவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள். சட்டையை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை, அது நல்லதுதான். உபதேசத்தைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

செக்ரோல் எழுதுவது நம் கை. பெரட்டில் ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் முன்பெல்லாம் காய்ச்சலா, கல்யாண வீடா என்று கேட்போம். இப்போது, "சாலையில் ஏதும் ஆயிற்றா?" என்றே முதலில் கேட்கிறோம். இவ்வாண்டில் இரண்டு பெயர்களுக்கு நேரே அப்படி எழுத நேர்ந்தது. அவர்களில் ஒருவர் இருபத்தைந்து ஆண்டு மரம் வெட்டியவர். இன்று ஊன்றுகோலோடு லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கவனமில்லாதவரா? இருட்டில் தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் நடந்து, பட்டையில் காயம் படாமல் கத்தி பிடித்தவருக்கா கவனம் கற்பிப்பது!

கணக்கைப் பார்ப்போம், கிராணிக்குத் தெரிந்தது அதுதானே. 1989 முதல் இந்நாட்டின் கூட்டரசு, மாநிலச் சாலைகளுக்குப் பொது வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் பாய்கிறது. நம் பாட்டிமார் சாலையைக் கடக்க எட்டு விநாடியாவது ஆகும். அதற்குள் வண்டி 200 மீட்டர் வந்துவிடும். நம் வளைவோ அவ்வளவு தூரத்தில் இல்லை. அவர் காலெடுத்து வைக்கும்போது கண்ணுக்கே தெரியாத வண்டி, அவர் நடுவில் இருக்கும்போது மேலே வந்து நிற்கிறது. இதில் கவனம் என்ன செய்யும்? வேகம் 30 ஆக இருந்தால் அதே எட்டு விநாடியில் வண்டி 67 மீட்டர்தான் வரும். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமும் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். நடப்பவரும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30க்கு மேல் கூடாதென்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடே சொல்லிவிட்டது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

தோட்டம் முதலில் வந்தது. அகலச் சாலை பிறகு வந்தது. அகலமாக்கியபோது நாம் நடந்த புல் ஓரத்தைத் தாருக்குள் சேர்த்துக்கொண்டார்கள். மிச்சமிருப்பது வெள்ளைக் கோடும், அதற்கப்பால் கால்வாயும். விடிவதோ ஏழு மணிக்கு. அதற்கு முன்பே செம்பனை லோரிகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் வங்காளதேசத்துத் தோழர்கள் அக்கோட்டின் மேல்தான் சைக்கிள் மிதிக்கிறார்கள். அவர்களும் நம் தொழிலாளிகளே; அவர்களை விட்டுவிட்டு இந்தக் கோரிக்கை இல்லை.

மேம்பாலம் கட்டித் தருகிறோம் என்று ஒருவர் சொன்னார். கேட்க அழகாக இருக்கிறது! முழங்கால் தேய்ந்த அம்மா படியேறுவாரா? சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவதா? எல்லாரும் பாலத்தின் அடியில்தான் கடப்பார்கள். பிறகு, "பாலம் இருந்தும் கீழே போனார்கள்" என்று பழியும் நம் தலையில் விழும். வண்டிக்காரர் வேகம் குறையாதிருக்க நாம் மாடி ஏற வேண்டும் என்பது என்ன நியாயம்? 2019இல் இந்நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் மாண்டார்கள். பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். சிறு வண்டிக்குத் தனிப் பாதை வேண்டுமென்பதும் தெரியாத விஷயமல்ல. கோலாலம்பூர் பக்கத்துக் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். அங்கே தெரிந்தது இங்கே மறந்துவிட்டதா?

யாரிடம் கேட்பது என்றால் அதற்கும் ஒரு சுற்று. மேனேஜர், சாலை அரசாங்கத்துடையது என்கிறார். நகராண்மைக் கழகம், லயம் தோட்டத்தின் சொந்த நிலம் என்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் தப்பித்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும் வேலையில் நேர்ந்ததாகவே சொக்சோ சட்டம் கொள்கிறது. அடிபட்டபின் பணம் கொடுக்கச் சட்டம் அந்த வழியைப் பார்க்கிறது. அடிபடாமல் காக்க மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை.

நாம் கேட்பவை பெரியவையல்ல. லயத்து முனையிலிருந்து பள்ளி வாசல் வரை 30 கிலோமீட்டர் வேகம். பலகை மட்டும் நட்டால் போதாது. உயர்த்திய கடவையும், சாலை நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் வேண்டும். எடுத்துக்கொண்ட ஓரத்தில் ஐந்தடியாவது திருப்பித் தர வேண்டும். பெரட்டு நேரத்தில் எரியும் விளக்கு வேண்டும். அதன் மின்சாரச் செலவைத் தோட்ட நிர்வாகம் ஏற்கலாம், துரை பங்களா வாசலில் விடிய விடிய எரிவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மனு தயாராகிவிட்டது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பள்ளி மண்டபத்தில் கையொப்பம் வாங்குகிறோம். சங்கத்தில் சேராதவர்களும் வரலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். மை நாம் கொண்டு வருகிறோம்.