சேற்றில் வாழும் உயிர்கள்

எண்ணூர்க் கழிமுகத்தில் நீர் வற்றும் வேளையில் கரையோரம் நிற்பவர், சேறு முழுவதும் சிறு சிறு துளைகள் இருப்பதைக் காண்பர். அவை நண்டு வளைகள். ஆண் நண்டு தன் ஒற்றைப் பெருங்கொடுக்கை உயர்த்தி அசைப்பது, யாரையோ கைகாட்டி அழைப்பது போல் இருக்கும். இந்நண்டு சந்தைக்கு வருவதன்று; ஆதலின் இதனைப் பொருட்படுத்துவார் இலர். ஆயினும், அது வளை தோண்டுவதால் சேற்றினுள் காற்றும் நீரும் புகுகின்றன. கண்டல் மரங்கள் தழைக்கின்றன. அதனை இரையாகக் கொள்ளும் பறவைகளும் பல. வயலுக்கு மண்புழு எத்தகையதோ, கழிமுகத்திற்கு இந்நண்டு அத்தகையது.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல் பெருமழையைக் கொணர்ந்தது. அவ்வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வழிந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தை அடைந்தது. படகும் வலையும் கருநிறம் பூண்டன. மீனவர் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை முகந்தனர். சிறகெல்லாம் எண்ணெய் தோய்ந்த கூழைக்கடாக்களின் படத்தைக் கண்டு நாடே இரங்கிற்று. பின்னர் நீர்ப்பரப்புத் தெளிந்தது; பேச்சும் அடங்கிற்று. நண்டுக்கு இரங்கியவர் எத்தனை பேர்?

நீர் தெளிந்ததனால் நஞ்சு நீங்கிற்று எனக் கொள்ளுதல் பிழை. அமெரிக்க நாட்டில் வெஸ்ட் பால்மவுத் என்னும் ஊரருகே, 1969ஆம் ஆண்டு எண்ணெய்க் கலம் ஒன்று தரைதட்டிற்று. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் அங்குள்ள சதுப்புநிலத்தைத் தோண்டினர். ஒரு சாண் ஆழத்திற்குள்ளேயே எண்ணெய் தங்கியிருந்தது! அங்கு வாழ்ந்த நண்டுகள் அவ்வெண்ணெயை அஞ்சி, ஆழத் தோண்டாது வளையைத் திருப்பிக்கொண்டன. இடர் நேர்ந்தபோது விரைந்து ஓடி ஒளியவும் மாட்டாவாயின. அவை அவ்விபத்து நிகழ்ந்து பல தலைமுறைகளுக்குப் பின் பிறந்தவை.

தொழிற்சாலைகள் இன்றி நாடு வாழுமோ என்பர் சிலர். வாழாதுதான். ஆயின், பெருமழையிலும் எண்ணெய் வெளியேறாதவாறு அணைகோலிக் காத்தலும் தொழிலின் ஒரு கூறே அன்றோ? சிந்திய பின்னர், மிதப்பதை அள்ளுவதோடு கடமை முடிந்துவிடாது. கண்டல் வேரடியிலும் நண்டு வளையிலும் உள்ள சேற்றை ஆண்டுதோறும் எடுத்து ஆராய்தல் வேண்டும். அதன் முடிவைக் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களின் மக்களுக்குத் தமிழில் அறிவித்தலும் வேண்டும். அச்சேற்றில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்போரும் அக்கழிமுகத்தில் உளர்.