இண்டைக்கு என்ன கறி?



எங்கள் வீடுகளில் “இண்டைக்கு என்ன சோறு?” என்று எவரும் கேட்பதில்லை. “என்ன கறி?” என்றுதான் கேட்பார்கள். இம்மாதம் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

பழந்தமிழில் கறி என்றால் மிளகு. முசிறித் துறைக்குப் பொன் கொண்டுவந்த யவனரின் கப்பல்கள் மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு சொல்கிறது. அங்கே மிளகுக்கு வரும் சொல் ‘கறி’தான். அந்நாளில் உறைப்புக்கு எங்களிடம் இருந்தது மிளகே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505 இல். மிளகாய் எங்கள் பக்கம் வந்ததும் அவர்களின் கப்பல் வழியேதான். மிளகைப்போல உறைக்கும் காய் என்பதால் அது மிளகாய் ஆயிற்று.

மிளகைக் குறித்த சொல், பிறகு மிளகு போட்டுச் சமைத்த பண்டத்துக்குப் பெயராகி, சோற்றோடு சேர்த்து உண்ணும் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. 1660 இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலில் சோற்றுக்குச் சுவை சேர்க்கும் கறியைக் குறிப்பிடுகிறார். அதைப் போர்த்துக்கேயரின் சொல் என்று எழுதுகிறார். போர்த்துக்கேயருக்கு அது எங்கள் கரைகளில் கிடைத்த சொல்.

ஒரே சொல் இடத்துக்கிடம் மாறும். எங்களுக்கு மரக்கறியும் கறி, மீனும் கறி. ஆட்டையும் கோழியையும் இறைச்சி என்போம். தமிழ்நாட்டில் கறி என்றாலே இறைச்சி. 1990 இல் மண்டபம் முகாமில் இருந்தபோது, மரக்கறி வாங்கப் போன என் மாமி, “தம்பி, கறிக்கு என்ன கிடக்கு?” என்று கேட்டார். கடைக்காரப் பெடியன், “கறிக்கடை அந்தத் தெருவுல இருக்கும்மா” என்றான். அன்று வெள்ளிக்கிழமை, மாமி விரதம்! அங்கே மரக்கறிக்குக் காய்கறி என்று பெயர். இங்கே கிழக்கிலும் முஸ்லிம் சகோதரிகளின் வீடுகளிலும் குழம்பை ‘ஆணம்’ என்பார்கள். தூள் இடித்து வெளியூருக்கு அனுப்பும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். ‘கறித்தூள்’ என்று மட்டும் எழுதினால், வாங்குபவர் இறைச்சிக்கு மட்டும் உரியது என்று நினைக்கக்கூடும். ‘மரக்கறி, மீன், இறைச்சி மூன்றுக்கும் ஏற்றது’ என்று ஒரு வரி சேருங்கள். எழுத்திலும் கவனம் தேவை. வல்லின ‘றி’ போட்டால் உண்ணும் கறி. இடையின ‘ரி’ போட்டால் அடுப்புக்கரி.

“கறிவேப்பிலை மாதிரிப் பாவிச்சுப்போட்டு எறிஞ்சிட்டினம்” என்று பெண்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாசத்துக்கு அது வேண்டும், சாப்பிடும்போது கோப்பையின் ஓரத்துக்குப் போய்விடும். குசினியில் பிறந்த இந்த உவமை யாருடைய அனுபவம் என்று விளக்க வேண்டியதில்லை.

இடம்பெயர்ந்த காலங்களில் நிவாரணத்துக்கு அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் தந்தார்கள். பருப்பைத் தவிர வேறு கறி அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இல்லை. வேலியோரத்து முருங்கையிலையையும் வாய்க்காலோரத்து வல்லாரையையும் தேடிப் பிடுங்கி, ஆய்ந்து, பிள்ளைகளின் கோப்பையில் கறி என்று ஒன்றை வைத்தவர்கள் நாங்கள்தான். அந்த வேலையை எந்தப் பதிவேட்டிலும் எவரும் எழுதவில்லை.

இன்று சோற்றுப் பார்சல் விற்கும் சகோதரிகள் பலர். அவர்களின் கணக்குக் கொப்பியில் அரிசி, தேங்காய், விறகு எல்லாம் இருக்கும். கீரை ஆய்ந்த ஒரு மணித்தியாலமும், மீன் வெட்டிய அரை மணித்தியாலமும் இருக்காது. வீட்டில் பழகிய பழக்கம் வியாபாரத்திலும் வந்துவிடுகிறது. பார்சலுக்கு விலை போடுமுன், கறிக்குச் செலவான நேரத்தை ஒரு கிழமைக்கு எழுதிப் பாருங்கள். அந்த நேரத்துக்கு வெளியில் கூலிக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து, அதையும் விலையில் சேருங்கள். வாங்குபவர் சோற்றுக்காக மட்டும் உங்களிடம் வருவதில்லை, கறிக்காகத்தான் வருகிறார்.

உங்கள் ஊரில் கறிக்கு வேறு பெயர் வழங்கினால் எங்களுக்கு எழுதுங்கள்.