இரண்டாவது பட்டியலுக்கு யார் பொறுப்பு?

கேம்பஸ் இன்டர்வியூ காலம் முடிந்ததும் நம் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். வேலை கிடைத்தவர்களின் பட்டியல் கல்லூரி வாசலில் பேனராகிறது. கிடைக்காதவர்களின் பட்டியல் கோப்புக்குள் போய்விடுகிறது. முன்னாள் மாணவர் சங்கம் அதிகம் தேவைப்படுவது இந்த இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான். ஆனால் பல கல்லூரிகளில் அந்தச் சங்கம் ஆண்டுக்கொரு சந்திப்போடும் கட்டட நிதியோடும் நின்றுவிடுகிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர்களின் நிதிப் பங்களிப்பும் கணக்கில் வருவதால், நிர்வாகத்தின் கவனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

வேலை தேடலில் தூரத்து அறிமுகங்களின் பங்கு அரை நூற்றாண்டாகவே அறியப்பட்ட ஒன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ 17 சதவீதத்தினரே அந்த நபரை அடிக்கடி சந்திப்பவர்கள். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்தித்தவர்கள். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வரும். லிங்க்ட்இனில் சுமார் 2 கோடிப் பயனாளர்களிடம் நடத்திய சோதனைகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வும், ஓரளவு தூரத்து அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுவதாகக் கண்டது. ஒரே துறையில் மூன்று ஆண்டு முன்னால் படித்த சீனியர் அப்படிப்பட்ட அறிமுகம்தான்.

ஆகவே, மேடையில் பொன்னாடை போர்த்தப்படும் நிர்வாக இயக்குநரை விட, சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்தவரே மாணவருக்கு அதிகம் பயன்படுவார். எழுத்துத் தேர்வு எப்படி இருந்தது, எந்தக் குழுவில் ஆள் எடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பல நிறுவனங்களில் ஊழியர்களே ஆட்களைப் பரிந்துரைக்க ரெஃபரல் முறை இருக்கிறது. அது விண்ணப்பத்தை ஹெச்.ஆர். பார்வைக்குக் கொண்டுபோகும்; தேர்வையும் நேர்காணலையும் மாணவர்தான் வெல்ல வேண்டும். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கேட்கும் முறையை நாம்தான் பழக்க வேண்டும். ‘அண்ணா, வேலை இருந்தா சொல்லுங்க’ என்று ரெஸ்யூமேயை மட்டும் அனுப்பினால் பதில் வராது. தன் துறை, பேட்ச், விண்ணப்பிக்க விரும்பும் பணி, அதற்காகச் செய்த பிராஜெக்ட் ஆகியவற்றை நான்கு வரியில் எழுதி, பேசப் பத்து நிமிடம் கேட்கட்டும். முதல் பேச்சில் வேலை கேட்காமல், அந்தப் பணிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கட்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவைச் சொல்லி நன்றி தெரிவிக்கட்டும். அடுத்த ஜூனியருக்கும் கதவு திறந்திருப்பது அதனால்தான்.

நம் பங்கும் இருக்கிறது. பட்டமளிப்பு விழாவுக்கும் சான்றிதழுக்கும் வருகிறவர்களிடம் வேலை விவரத்தையும் தொடர்பு எண்ணையும் ஒப்புதலோடு பெறுங்கள். கேட்காமல் அவர்கள் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். பி.காம்., பி.எஸ்சி. படித்து ஆடிட்டர் அலுவலகத்திலும் ஆய்வகத்திலும் இருப்பவர்களையும் பட்டியலில் சேருங்கள். சீனியர் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் உடனே தெரிவிக்கும்படி மாணவர்களை எச்சரியுங்கள்.

வீட்டில் அதிகாரியோ பொறியாளரோ இருக்கும் மாணவருக்கு வழிகாட்ட உறவினர்கள் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்லூரி தரும் அறிமுகமே பெரும்பாலும் ஒரே அறிமுகம். அதைத் தேடிக் கொடுப்பது நம் வேலையின் மையம். இந்தப் பருவம் முடிவதற்குள், இரண்டாவது பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு சீனியரையாவது அறிமுகம் செய்து வையுங்கள்.