முகம் தெரியாத மச்சானுக்கு ஒரு டிப்ஸ்!

நம்ம ஊர்ல எதுக்கு வேணாலும் பஞ்சம் வரலாம், டிப்ஸுக்கு மட்டும் வரவே வராது மக்காஸ்! 'ஒரே தலைவலி'னு நெட்ல சும்மா ஒரு வரி தட்டிப் பாருங்க... சுக்குக் காபியில ஆரம்பிச்சு 'ஸ்கேன் எடுத்துடு பாஸ்' வரைக்கும் பத்து பேர் வரிசைகட்டி வருவாங்க. பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனா, பாசம் மட்டும் பக்கெட் பக்கெட்டா!

பாசத்துல குறையே இல்லை. சொல்றவர் அதைச் செஞ்சு பார்த்தாரா... அதான் கேள்வி!

தண்ணியில விழுந்த செல்லை அரிசி டப்பாவுல புதைக்கிற வைத்தியத்தையே எடுத்துக்குங்க. 'அரிசித் துகள் உள்ளே போய் போனைக் கெடுத்துடும், வேண்டாம்'னு 2024-ல் ஆப்பிள் கம்பெனியே சொல்லிடுச்சு. சார்ஜர் குத்துற ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி பிடிச்சு, உள்ளங்கையில மெதுவா தட்டுங்க. காத்தோட்டமா காய விடுங்க. காயுறவரைக்கும் சார்ஜ் போடாதீங்க. அரிசி சோத்துக்கு ஆகட்டும்!

அடுத்து, 'ஓடுற ஆப்ஸை எல்லாம் தள்ளித் தள்ளி மூடினா பேட்டரி நிக்கும்'ங்கிற தத்துவம். ஆப்பிள், ஆண்ட்ராய்டு ரெண்டு பக்கத்துப் பெரிய தலைகளும் 2016-லயே 'தேவையில்லை'னு சொல்லியாச்சு. நாம இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கோம்!

இதெல்லாம் போனோட போச்சு. சில டிப்ஸ் பர்ஸையும் காலி பண்ணும். 'இந்த ஏ.பி.கே. ஃபைலைப் போட்டா எல்லா படமும் ஃப்ரீ'ம்பாங்க. போனுக்குள்ள யார் குடியேறினாங்கனு தெரியாது. 'சும்மா கிடக்குற உன் பேங்க் அக்கவுன்ட்டை வாடகைக்குக் கொடு, கமிஷன் தர்றேன்'னு ஒருத்தர் வருவார். யாரோ திருடின பணம் உங்க அக்கவுன்ட் வழியா போகும். போலீஸ் தேடி வர்றது உங்க வீட்டுக்குத்தான் பாஸ்! ஏமாந்து பணம் போயிருந்தா, அழுதுட்டு உட்காராம உடனே 1930-க்கு போன் போடுங்க.

ஸோ, ஒரு டிப்ஸைக் கையில வாங்குறதுக்கு முன்னாடி மூணே கேள்வி...

சொல்றவருக்கு இதுல என்ன லாபம்? கூடவே ரெஃபரல் கோடு வந்தா, அது டிப்ஸ் இல்லை, வியாபாரம்.

தப்பாப் போனா எனக்கு என்ன நஷ்டம்? பத்து ரூபா பேனான்னா வாங்கிப் பார்க்கலாம். ஓ.டி.பி., மாத்திரைன்னா எஸ்கேப்!

அவரே செஞ்சு பார்த்தாரா, இல்லை வந்ததைத் தள்ளிவிடுறாரா?

நீங்க சொல்லும்போதும் இதே ரூல்தான். 'செம ஆப் மச்சி'ங்கிறது டிப்ஸே இல்லை. 'ஒரு வருஷமா ரெக்கார்டு நோட்டை ஸ்கேன் பண்றேன், பென்சில்ல எழுதினது மட்டும் மங்கலா வருது'ங்கிறதுதான் டிப்ஸ். குறையையும் சேர்த்துச் சொன்னாதான் நம்புவாங்க.

நம்ம பங்குக்கும் கமிஷன் இல்லாம மூணு... *#06# தட்டினா வர்ற ஐ.எம்.இ.ஐ. நம்பரை இன்னிக்கே நோட்டுல எழுதி வைங்க. போன் தொலைஞ்சா, போலீஸ்ல புகார் கொடுத்துட்டு 'சஞ்சார் சாத்தி' தளத்துல அதை முடக்கலாம். ஆதார் நகல் கேட்டா, கடைசி 4 எண் மட்டும் தெரியுற 'மாஸ்க்டு ஆதார்' போதுமானு முதல்ல கேளுங்க. புரியாத பேப்பருக்கு டியூஷன் தேடுறதுக்கு முன்னாடி, ஐ.ஐ.டி. வாத்தியார்கள் பாடம் நடத்துற என்.பி.டி.இ.எல். வீடியோக்களைப் பாருங்க. பார்க்கிறது ஃப்ரீ, பரீட்சை எழுதினாதான் ஃபீஸ்.

வி.எல்.சி. பிளேயர் தெரியும்ல? 1996-ல் பாரிஸ் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் பசங்க, கேம்பஸ் நெட்வொர்க்ல வீடியோ பார்க்க ஆரம்பிச்ச புராஜெக்ட் அது. 2001-ல் 'யார் வேணா எடுத்துக்குங்க'னு ஊருக்கே திறந்து விட்டாங்க. உங்க ஹாஸ்டல் ரூம்லேர்ந்து கிளம்புற டிப்ஸும் அவ்வளவு தூரம் போகலாம். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை செஞ்சு பார்த்துடுங்க மக்காஸ்!