பெயர் மறைத்த பணம்



ஓட்டு நம்முடையது, ஆட்சி யாருடையது? இப்படிக் கேட்டால் நம்மை வம்புக்காரர்கள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மும்பையில் குடிசைக்குப் பதிலாக இலவச வீடு வேண்டுமானால், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததற்குக் காகிதம் காட்டவேண்டும். பழைய ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் தேடி நம் வீட்டுப் பெண்கள் டிரங்குப் பெட்டியைக் கவிழ்க்கிறார்கள். அப்பன் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல். கூலிக்காரனிடம் இத்தனை கறார் காட்டும் இதே நாட்டில், கட்சிக்குக் கோடி கோடியாய்க் கொடுத்த கம்பெனிக்கு மட்டும் பெயரை மறைத்துக்கொள்ளச் சட்டமே போட்டார்கள்.

தேர்தல் பத்திரத்தைத்தான் சொல்கிறோம். 1969-ல் இந்திரா காந்தி ஆட்சி கம்பெனி நன்கொடையைத் தடை செய்தது. 1985-ல் ராஜீவ் ஆட்சி கதவைத் திறந்துவிட்டது. ஆனாலும் ஒரு வரம்பு இருந்தது. 2013 சட்டத்தில் அது மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம். 2017-ல் மோடி ஆட்சி அந்த வரம்பையும் பிடுங்கி எறிந்தது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூடக் கொடுக்கலாம் என்றாயிற்று! லாபமே இல்லாதவன் எதை எதிர்பார்த்துக் கொடுப்பான்? மேலவையில் தடங்கல் வரக்கூடாதென்று இதை நிதி மசோதாவுக்குள் செருகினார்கள்.

பத்திரத்தை விற்றது ஸ்டேட் வங்கி. அது யார் கையில் இருக்கிறது? சர்க்கார் கையில். ஆக, கொடுத்தவன் யாரென்று ஆள்பவன் அறிய வழியுண்டு. ஓட்டுப் போடுகிறவனுக்குத்தான் வழியில்லை. இதற்குப் பெயர் ரகசியமா, பேரமா?

2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இதை ரத்து செய்தனர். விவரம் கொடு என்றதற்கு, ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. தேர்தலோ ஏப்ரலில்! நீதிமன்றம் இணங்காததால் மார்ச்சிலேயே பட்டியல் வெளிவந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய கணக்கில் பாரதிய ஜனதாவுக்கு மட்டும் சுமார் 6,000 கோடி; மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி.

நம் ஊர்க் கட்சி என்பதற்காக வாயை மூடிக்கொள்ள முடியுமா? பத்திரம் வாங்கியதில் முதலிடம் ஒரு லாட்டரிக் கம்பெனிக்கு, 1,368 கோடி. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்கு; 500 கோடிக்கு மேல் திரிணாமூலுக்கு. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்தே தடை. பிற மாநிலங்களில் நாள்கூலிக்காரன் டீயைத் தியாகம் செய்து வாங்கிய சீட்டுக் காசு, சுற்றி வளைத்துக் கட்சிக் கஜானாவில் விழுந்திருக்கிறது. பத்திரமே வேண்டாமென்று நின்று, வழக்கும் போட்டது மார்க்சிஸ்ட் கட்சி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்திரம் ஒழிந்தது, பணம் ஒழிந்ததா? வாங்கியதை யாரும் திருப்பித் தரவில்லை. தனிப் புலனாய்வு கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்டில் நீதிமன்றமே ஏற்கவில்லை. தேர்தல் அறக்கட்டளைகள் என்ற வேறு வாசலும் திறந்தே இருக்கிறது. மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலங்களில் 95 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாதென்று 2022-ல் வரம்பு வைத்தார்கள். அவருடைய கட்சிக்கு வரம்பே கிடையாது!

கைகூப்பிக்கொண்டு நம் சந்துக்குள் வருவார்கள். எந்தக் கொடியானாலும் சரி, கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு கொண்டுவருவீர்களா, கம்பெனிப் பணத்தை விடுவீர்களா என்று முதலில் கேட்போம். ரேஷன் கார்டு பேச்சு அதற்கப்புறம்.