ஜனாஸாவுக்கு ஆள் இருக்கிறது, உயிரோடு இருப்பவனுக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபமும் வரும். வந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம்மூரில் ஒரு மவுத் என்றால் என்ன நடக்கிறது? இரவு இரண்டு மணியாக இருக்கட்டும், அரை மணித்தியாலத்துக்குள் பள்ளிவாசலுக்குத் தகவல் போய்விடும். கபுறு வெட்டுபவர்கள் மண்வெட்டியோடு கிளம்புவார்கள். குளிப்பாட்ட ஆள், கபனுக்கு ஆள், சந்தூக்குத் தூக்க ஆள், கதிரை போட ஆள். யாரும் சம்பளம் கேட்பதில்லை. மழை என்று யாரும் பின்வாங்குவதில்லை. காரணம், அது ஃபர்ளு கிஃபாயா என்று சின்ன வயதிலேயே மதரஸாவில் படித்துவிட்டோம். சிலர் செய்தால் எல்லோர் மீதிருந்தும் கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் முழு ஊரும் குற்றவாளி.

அதே வீட்டில், அதே இரவு இரண்டு மணிக்கு நெருப்புப் பிடித்தால்? யார் வருவார்? வருபவனுக்கு என்ன தெரியும்? கையில் என்ன இருக்கும்? பெரும்பாலும் வாளியும், ஃபோனும். வாளியை விட ஃபோன்தான் அதிகம்.

இறந்தவரைத் தூக்க இவ்வளவு ஒழுங்காக நிற்கும் ஊருக்கு, உயிரோடு இருப்பவரைத் தூக்க ஓர் ஒழுங்கு இல்லை. நான் எழுத வந்தது இதைத்தான். மாவனல்லையில் ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும் பயிற்சி பெற்ற ஒரு தொண்டர் தீயணைப்பு மீட்புக் குழு வேண்டும். இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதல் பதில்: "அது கவர்மெண்ட்டுட வேல."

சரி. பிரதேச சபைச் சட்டம், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், மக்களின் நலனையும் வசதியையும் பாதுகாப்பது சபையின் பொறுப்பு என்றுதான் சொல்கிறது. அதைக் கேட்க வேண்டும், விடக்கூடாது. ஆனால் இந்த நாட்டில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் மாநகர சபைகளையும் நகர சபைகளையும் நம்பி இருக்கிறது. 110க்கு அழைத்தால் வாகனம் வரும். எங்கிருந்து வந்தாலும் கண்டி வீதி நெரிசலைத் தாண்டி, பிறகு ஒரு வேன் போனால் இன்னொன்று போக முடியாத மலைப்பாதையில் ஏற வேண்டும். நெருப்பு அதுவரை காத்திருக்காது. அடுப்படியில் பிடித்த தீ சில நிமிடங்களில் கூரைக்கு ஏறிவிடும். பெரும்பாலும் ஆளைக் கொல்வது சுடர்கூட இல்லை, புகை. தூங்குபவர் எழும்பு முன்னரே மூச்சு அடைத்துவிடும். அந்த முதல் பத்து நிமிடத்தில் அங்கே இருக்கக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான். எந்த அரசாங்கம் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

பணக்கார நாடுகளும் இப்படித்தான் கணக்குப் பார்த்தன. ஜெர்மனியில் தீயணைப்பு வீரர்களில் மிகப் பெரும்பான்மை சம்பளமில்லாத தொண்டர்கள், சுமார் பத்து இலட்சம் பேர். சிலி நாட்டில் 1851இல் வல்பரைசோ துறைமுக நகரில் தொடங்கிய தொண்டர் படைதான் இன்றும் நாடு முழுக்க நெருப்பணைக்கிறது. ஒஸ்மானிய காலத்து இஸ்தான்பூலில் மஹல்லாவுக்கு மஹல்லா இளைஞர்கள் தண்ணீர்ப் பம்பைத் தோளில் சுமந்துகொண்டு ஓடினார்கள். இது நமக்கு அந்நியமான விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

1995 ஜனவரி 17 விடியற்காலை ஜப்பானில் கோபே பூமியதிர்ச்சி. பக்கத்தில் அவாஜி தீவில் ஹொக்குதான் என்று ஒரு சின்ன ஊர். இடிந்த வீடுகளுக்குள் சுமார் 300 பேர் சிக்கினார்கள். அந்த ஊர்த் தொண்டர் தீயணைப்புக் குழுவும் அயலவர்களும் அன்றைக்கே அவர்களை வெளியே எடுத்துவிட்டார்கள். எப்படி? எந்த வீட்டில் எந்த அறையில் எந்தப் பாட்டி படுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். நேராக அந்த இடத்தைத் தோண்டினார்கள். இந்த அறிவு எந்த இராணுவத்திடமும் இல்லை. நம்மூரில் உங்களிடம் இருக்கிறது. பயிற்சி மட்டும்தான் இல்லை.

ஜப்பான் தூரம் என்றால் அரநாயக்க தூரமா? 2016 மே 17, சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. நம் பக்கத்துப் பிரதேசம், நம் சந்தைக்கு வரும் மக்கள். இராணுவம் வந்து நாட்கணக்கில் தோண்டியது. நாமும் போனோம், சோற்றுப் பார்சலோடும் உடுப்பு மூட்டையோடும். அது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் பார்சல் தப்பியவருக்குத்தான் போய்ச் சேரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனை ஊர்கள் பாதையும் ஃபோனும் அறுந்து தனித்துப் போயின என்று எல்லோரும் பார்த்தோம். அந்த நேரத்தில் ஊருக்கு ஊர்தான் துணை.

இரண்டாவது பதில்: "புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா யார் பொறுப்பு?"

நியாயமான கேள்வி. ஆனால் இன்றைக்கு மட்டும் பிள்ளைகள் ஓடாமலா இருக்கிறார்கள்? நெருப்பைக் கண்டால் நம் பொடியன்மார் ஓடத்தான் செய்வார்கள், வெறுங்காலோடும் சாரத்தோடும். மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். தாச்சியில் எண்ணெய் எரியும்போது தண்ணீர் ஊற்றுவார்கள், அந்தத் தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயை முகத்துக்கே எறியும். மூடியால் மூடி அடுப்பை அணைத்தால் போதும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்தபோது எல்லோரும் பயந்தோம். பயம் போனதும் பாடமும் போய்விட்டது. கேஸ் மணந்தால் சுவிட்சைத் தொடாதே, ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, வெளியே வா என்று எத்தனை வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியும்? தீக்காயத்துக்கு இன்னும் பற்பசை பூசுகிறோம். இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். தொண்டர் என்றால் சம்பளமில்லாதவர். பயிற்சியில்லாதவர் என்று அர்த்தம் இல்லை. எப்போது உள்ளே போகக்கூடாது என்பதுதான் தீயணைப்பில் முதல் பாடம். பிள்ளை மேல் அக்கறை இருந்தால் அந்தப் பாடத்துக்கு அவனை அனுப்புங்கள்.

மூன்றாவது பதிலை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கடை வாசலில் மெதுவாகச் சொல்வார்கள்: "இந்தக் காலத்துல நம்மட பொடியன்மார் ஒண்ணாச் சேந்து ட்ரெய்னிங் எடுத்தா என்ன சொல்லுவாங்க? நமக்கேன் வம்பு?"

இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2001 மே மாதத் தொடக்கத்தில் இதே நகரில் நம் கடைகள் எரிந்தன. 2018 டிசம்பரில் சிலை உடைப்பு, 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதல். அதன் பிறகு மாவனல்லை என்ற பெயரைச் சொல்லவே நம் பிள்ளைகள் வெளியூரில் தயங்கினார்கள். சிலர் செய்ததற்கு ஊரே தலைகுனிந்தது. பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பயந்து ஒதுங்கியதால் சந்தேகம் குறைந்ததா? ஒதுங்க ஒதுங்க மற்றவர் நம்மைத் தெரியாதவராகத்தான் ஆகிறோம். அதனால்தான் சொல்கிறேன், இது பள்ளிவாசல் குழுவாக இருக்கவே கூடாது. ஊர்க்குழுவாக இருக்க வேண்டும். விகாரையிலிருந்தும் ஆள், பள்ளியிலிருந்தும் ஆள், தோட்டத்திலிருந்தும் ஆள். பிரதேச செயலகத்தில் பதிவு, பொலிசுக்கு அறிவிப்பு, பயிற்சி தீயணைப்புப் பிரிவிடமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமும். எல்லாம் பகலில், திறந்த மைதானத்தில். தோட்டத்து லயன்களை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், ஒன்றில் பிடித்தால் கூரை வழியே அடுத்ததற்கு ஓடும். அங்கே போய் நம் தம்பியும் ஒரு சிங்களத் தம்பியும் ஒரே ஹோஸைப் பிடித்து நின்றால், அது நூறு சமாதான மாநாட்டுக்குச் சமம். ஓர் உயிரை வாழவைப்பது பற்றி ஸூரா அல்மாஇதாவின் 32ஆம் வசனத்தைப் பாருங்கள். அங்கே மதம் கேட்கப்படவில்லை.

நான்காவது: "சல்லிக்கு எங்க போற?"

தீயணைப்பு வாகனம் வாங்கச் சொல்லவில்லை. உலர் தூள் தீயணைப்பான்கள் சில, நல்ல கயிறு, ஹெல்மட், பூட்ஸ், டோர்ச், ஸ்ட்ரெச்சர், முதலுதவிப் பெட்டி, ஆற்றிலும் கிணற்றிலும் போட்டு இறைக்கக்கூடிய ஒரு சிறிய பம்ப். ஒரு மழைமானி. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பதுதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுவாக வைத்திருக்கும் அளவு. ஒரு ஓ/எல் பிள்ளையால் இதைப் பார்த்துக் குறித்துவைக்க முடியும். ஒரு கல்யாணத்தில் மேடை அலங்காரத்துக்குச் செலவழிப்பதை ஒரு வருடம் இதற்குக் கொடுங்கள், பாதிச் சாமான் வந்துவிடும்.

இன்னொன்று. பெண்களை விட்டுவிட்டு இந்தக் குழுவை அமைத்தால் அது அரைக்குழு. வீட்டு நெருப்பு தொடங்குவது பெரும்பாலும் அடுப்படியில். பகலில் ஆண்கள் கடையிலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும். அப்போது ஊரில் இருப்பது உம்மாமாரும் தாத்தாமாரும்தான். முதலில் பயிற்சி கொடுக்க வேண்டியது அவர்களுக்கு.

என்ன செய்யலாம்? 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் அனர்த்தக் குழு அமைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் பிரிவுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே கிராம சேவகரிடம் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் தூசியில் கிடந்தால் தூசி தட்டி உங்கள் பெயரைப் போடுங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் பள்ளியில் தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது, அதைப் பாவிக்கத் தெரிந்தவர் யார்? ஆசிரியர்களே, உங்கள் பாடசாலையில் கடைசியாகத் தீ ஒத்திகை எப்போது நடந்தது?

பிரிவுக்கு இருபது பேர் போதும். ஜனாஸாவுக்கு அதைவிட அதிகம் பேர் வருகிறார்கள்.

18 வயதுக்கு மேல், ஆணோ பெண்ணோ, விருப்பம் உள்ளவர்கள் கீழே உங்கள் கிராம சேவகர் பிரிவை மட்டும் எழுதுங்கள். "மாஷா அல்லாஹ், நல்ல பதிவு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக வேண்டாம்.