கொல்கத்தா விமானத்துக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்: ஒரு புதுப்பிப்புக் கோப்பு கற்றுத்தந்த பாடம்

கொல்கத்தா: ஹைதராபாத்திலிருந்து கொல்கத்தா செல்லவிருந்த இண்டிகோ பயணி ஒருவர், 2024 ஜூலை 19 அன்று தமக்குக் கிடைத்த போர்டிங் பாஸைப் படம் பிடித்துச் சமூக வலைதளத்தில் வெளியிட்டார். அதன் விவரங்கள் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. அந்தப் படம் நாடெங்கும் பரவியது.

அன்று கொல்கத்தா, சென்னை, டெல்லி உள்ளிட்ட விமான நிலையங்களில் பயணிகள் பதிவு முடங்கியது. விமானங்கள் தாமதமாயின, பல ரத்தாயின. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய புதுப்பிப்பே இதற்குக் காரணம். உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. மொத்த விண்டோஸ் கணினிகளில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பது குறிப்பிடத்தக்கது.

சாதாரணச் செயலி பழுதானால் அது மட்டுமே மூடிக்கொள்ளும். டிரைவர் அப்படியல்ல. அது இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் இயங்குகிறது. அங்கே தவறு நேர்ந்தால், தரவுகள் சிதையாமல் காக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொண்டு பிழைத்திரையைக் காட்டும். கிரவுட்ஸ்டிரைக்கின் மென்பொருள் 20 உள்ளீடுகளை மட்டுமே வழங்கியது. புதிய கோப்போ 21-ஆவது உள்ளீட்டையும் தேடியது. இல்லாத இடத்தைப் படிக்க முயன்றதால் கணினி சரிந்தது.

இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியான அந்தக் கோப்பு, 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால், திருத்தத்தைப் பெறுவதற்குக் கணினி முதலில் இயங்க வேண்டும். பல கணினிகள் தொடங்கும்போதே மீண்டும் மீண்டும் சரிந்தன. எனவே, ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று, 'சேஃப் மோட்' முறையில் திறந்து, 291 என்ற எண் கொண்ட கோப்பை நீக்க நேர்ந்தது. பிட்லாக்கர் பூட்டு இருந்த கணினிகளுக்கு 48 இலக்க மீட்புக் குறியீடும் தேவைப்பட்டது.

வீட்டுக் கணினியிலும் இதே வகைச் சிக்கல் எழுவதுண்டு. வைஃபை அல்லது லேன் இணைப்புக்கான நெட்வொர்க் டிரைவரும் கெர்னலில்தான் இயங்குகிறது. புதுப்பித்த பிறகு பிழைத்திரை தோன்றினால், அதில் காணப்படும் கோப்பின் பெயரைக் குறித்துக்கொள்வது நல்லது. பின்னர், இணைய வசதி இல்லாத 'சேஃப் மோட்' முறையில் கணினியைத் திறந்து பார்க்கலாம். அப்போது நிலையாக இயங்கினால், டிரைவரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி உள்ளது. 'சேஃப் மோட்' முறையிலும் சரிந்தால், நினைவகம் போன்ற வன்பொருளைச் சோதிப்பது அவசியம். விண்டோஸை மீண்டும் நிறுவுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

இந்தியாவில் 10 வங்கிகள் மற்றும் நிதி நிறுவனங்களில் மட்டுமே சிறு இடையூறுகள் ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி அன்றே தெரிவித்தது. அந்த மென்பொருளைச் சில வங்கிகளே பயன்படுத்தியதும், பெரும்பாலான வங்கிகளின் முக்கிய அமைப்புகள் கிளவுடில் இல்லாததும் காரணங்களாகக் கூறப்பட்டன. மறுநாள் அதிகாலை 3 மணி முதல் விமான நிலையங்கள் இயல்பு நிலைக்குத் திரும்பியதாக மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு அறிவித்தார். அமெரிக்காவின் டெல்டா நிறுவனமோ, அடுத்தடுத்த நாள்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது.

புதுப்பிப்புகளைப் படிப்படியாக வெளியிடும் முறையைக் கிரவுட்ஸ்டிரைக் பின்னர் ஏற்றுக்கொண்டது. தொடங்க மறுக்கும் கணினிகளைத் தொலைவிலிருந்தே சீராக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரில் அறிவித்தது.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும், பயனாளர்களின் பொறுப்பு இத்துடன் முடிந்துவிடவில்லை. புதுப்பிப்பை முதலில் சில கணினிகளில் சோதித்துப் பார்ப்பது, மீட்புக் குறியீட்டைக் கணினிக்கு வெளியே பத்திரப்படுத்துவது, கணினியின்றிப் பணியைத் தொடர ஊழியர்களைப் பழக்குவது ஆகியவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது. அன்றைய நெருக்கடியில் விமான நிறுவனங்களுக்குக் கைகொடுத்தவை பேனாவும் தாளும்தான்.